ஐந்நூறு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

தோட்டவெளி, மன்னார்.
2016 ஒக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4.20.

1. இக்கடிதம் எழுதப்படும் காரணம்

அன்பு மகன் யூட்,

செப்டெம்பர் 27ஆம் திகதி செவ்வாய்க்கிழமை நீ கொழும்புக்குப் பஸ் ஏறிய பிறகு உனக்கு எழுதும் முதற் கடிதம் இது. தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். தொலைபேசியில் நீ "சாப்பிட்டீங்களோ அப்பா?" என்பாய், நான் "ஓம்" என்பேன், அதன்பின் இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்வதற்கு எனக்கு ஒரு மேசையும் தாளும் வேண்டும். எழுபத்தைந்து வயதில் இந்தப் பழக்கத்தை இனி மாற்றிக்கொள்ள முடியாது.

காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். 2014 செப்டெம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, உனக்கும் டெல்சியாவுக்குமான கலியாண ஓலை கோயிலில் முதல் தடவையாக வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய அந்த ஓலையை, முதல் வாசிப்போடு நிறுத்தச் சொல்லித் தடை போட்டவன் நான். உன் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களின் எண்ணிக்கை ஐந்நூறுக்கு ஏறிய பின்னரே இந்தக் கலியாணம் நடக்கலாம் என்றேன். அந்தத் தடை பிழையானது. இன்று காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியைக் கண்டு, அதை எழுத்தில் விலக்கிக்கொண்டேன். நீ திரும்பி வந்து அவளைக் கலியாணம் முடிக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். மிகுதியெல்லாம், நான் எப்படி இவ்வளவு பெரிய பிழையை இவ்வளவு நிதானமாகச் செய்தேன் என்பதற்கான விளக்கம்.

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து நாங்கள் இருவரும் 2011இல் திரும்பி வந்தோம். பாப்பாமோட்டையில் எங்கள் வளவு பற்றையாகிக் கிடந்ததால், தோட்டவெளியில் இந்தச் சிறு வீட்டில் தங்கினோம். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் உனக்கு இருமல் நிற்கவில்லை. காசம் என்றார்கள். காசத்துக்குக் காரணம் தேடி இரத்தம் எடுத்தபோது எச்.ஐ.வி. தொற்றுத் தெரிந்தது. அது உன் உடம்பில் பல ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அது எப்படி வந்தது என்று உன்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "அதை விடுங்கோ அப்பா" என்றாய். விட்டுவிட்டேன். இன்றும் அதைக் கேட்கவில்லை. அந்த நாளில் உன் கலங்களின் எண்ணிக்கை நாற்பத்திரண்டு. குளிசைகளை எடுக்கத் தொடங்கி ஆறு மாதத்தில், வைரசு உன் இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்ற செய்தியோடு வந்தாய். முகாமை விட்டு வந்த பிறகு நீ சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை. "மற்ற இலக்கம் என்ன?" என்று கேட்டேன். நீ சொன்னாய். "அது ஏற வேண்டும்" என்றேன். அன்றைக்கே என் பிழை தொடங்கிவிட்டது.

1963 முதல் 1990 வரை நான் கட்டுக்கரைக் குளத்து நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்தவன் என்பது உனக்குத் தெரியும். குளத்தில் நாட்டியிருக்கும் அளவுத்தூணைக் காலையில் பார்த்து நீர்மட்டத்தைக் குறிப்பதுதான் என் முதல் வேலை. சிறுபோகம் செய்யலாமா கூடாதா, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடலாம் என்பதெல்லாம் அந்த ஓர் இலக்கத்தை வைத்தே கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். எங்கள் பாப்பாமோட்டைக் கமக்காரர்களே வந்து கெஞ்சுவார்கள். "ஐயா, மானம் கறுத்துக் கிடக்கு, நாளைக்கு மழை இறங்கிடும், எங்கடை நாத்துக் கருகுது, துறக்கச் சொல்லுங்கோ" என்பார்கள். நான் தூணைக் காட்டுவேன். மட்டம் ஏறாமல் துருசைத் திறந்தால் பயிர் நடுவழியில் கருகும். விதைத்ததும் வீண், விட்ட தண்ணீரும் வீண். அந்த வேலையில் அது சரியான முறைதான். அதே முறையை எடுத்துக்கொண்டு போய் உன் உடம்பில் நாட்டினேன்.

டெல்சியாவை நீ எப்படிக் கண்டாய் என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள். அவள் வேலை செய்யும் நண்டுத் தொழிற்சாலைக்கு நீ பெயின்ற் அடிக்கப் போயிருந்தாயாம். மதிய இடைவேளையில், ஐஸ் நண்டில் சதை பிடுங்கி விறைத்துப்போன விரல்களை அவள் வெயிலில் காய வைத்துக்கொண்டு நின்றபோது, "நல்ல காலம், எனக்குப் பெயின்ற் மணம் மட்டுந்தான் பிரச்சினை" என்றாயாம். அவளுடைய புருஷன் 2009இல் கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். உடல் கிடைக்கவில்லை. பெட்டி இல்லை, குழி இல்லை, மரணச் சான்றிதழ் மாத்திரம் பின்னர் கிடைத்தது. உன் நோயை நீ அவளிடம் முதலில் சொன்னாய். பிறகுதான் கலியாணத்தைப் பற்றிக் கேட்டாய். அந்த வரிசைக்காக நான் உன்னை மதித்திருக்க வேண்டும். அவள் ஒரு கிழமை யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. ஆனால் கோயிலில் உன் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்து வாசித்து, "இவர்களுக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள்" என்று சுவாமி சொன்னபோது, அந்த வசனம் நேரே என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது போல இருந்தது. கடமை என்ற சொல்லைக் கேட்டால் எழும்பி நிற்கிற மனிதன் நான்.

பூசை முடிந்து உடுப்பறைக்குள் சுவாமியிடம் போனேன். உன் நோய் அவருக்கு ஏற்கெனவே தெரியும், நீயே சொல்லியிருந்தாய். "ஐயா, வருத்தம் ஒரு தடை இல்லை. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு, ரெண்டு பேரும் சம்மதம்" என்றார். நான் விடவில்லை. பெண்ணை நோயாக்கக் கூடாது, இன்னொரு முறை விதவையாக்கக் கூடாது, கலங்கள் ஐந்நூறு ஏறட்டும் என்றேன். தகப்பன் எதிர்த்தால் கொஞ்சம் பொறுக்கலாம் என்று அவர் ஓலையை மடித்து வைத்தார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை வேணும்?" என்று மட்டும் கேட்டாய். "ஐந்நூறு." "சரி. ஐந்நூறு வரட்டும்." அவ்வளவுதான். முப்பத்து மூன்று வயது மனிதன் தகப்பனுக்கு இப்படிப் பணியக் கூடாது, மகன். அன்று நீ என்னை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். உன் பணிவு ஆறவே இல்லை. அது இரண்டு ஆண்டு நின்றது.

அந்த இரண்டு ஆண்டுகளையும் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இரத்தம் கொழும்புக்குப் போய், முடிவு கிளினிக்குக்கு வந்த நாட்களில், நீ செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று இலக்கத்தைச் சொல்வாய். நூற்று எழுபது. நூற்றெழுபத்தைந்து. நூற்றுத் தொண்ணூறு என்று சொன்ன நாளில், தகப்பனுக்குப் பரிசு கொண்டுவந்த பிள்ளையைப் போல நின்றாய். நான் "ம்" என்றேன். அடுத்த முறை அது திரும்பவும் இறங்கியது. ஊர் வேறு கதை பேசியது. சீதனம் போதவில்லை என்று நான்தான் குழப்பினேன் என்றார்கள். டெல்சியாவிடம் ஏதோ குறை என்றும் பேசினார்கள். உன் நோயை மறைப்பதற்காக அவள் அதற்கெல்லாம் மறுமொழி சொல்லாமல் இருந்தாள். நானும் சொல்லவில்லை. அவள் பெயரில் விழுந்த அந்த அழுக்கை இரண்டு ஆண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னுமொன்று. இலக்கம் ஏறாததற்குக் காரணம் நீ குளிசையைத் தவறவிடுவதுதான் என்று நான் எண்ணினேன். உன் முகத்துக்கு நேரே சொன்னேன்: "மருந்தை ஒழுங்கா எடுத்தா ஏன் ஏறாது? ஆரை ஏய்க்கிறாய்?" நீ தூரிகைகளைக் கழுவப் போய்விட்டாய். அந்தக் குளிசை கனவுகளைக் கொண்டுவரும் என்று கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பக்கத்து அறையில் நீ கனவில் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன் நான். அதைக் கேட்டுக்கொண்டே நீ குளிசை எடுக்கவில்லை என்று சந்தேகித்தேன். எனக்கு அளவுத்தூண் தெரிந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்த நீ தெரியவில்லை.

செப்டெம்பர் 26ஆம் திகதி நீ வாசலில் நின்று "நூற்று எழுபத்தாறு" என்றாய். அடுத்த நாள் கொழும்பில் பெயின்ற் வேலை கிடைத்திருக்கிறது என்று புறப்பட்டாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. வேலைக்குத்தான் போகிறாய் என்று நம்பினேன்.

2. டெல்சியாவும் டொக்டரும் சொன்னவை

ஒக்டோபர் 4ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்த கையோடு டெல்சியா இங்கே வந்தாள். தொழிற்சாலைத் தொப்பியின் தழும்பு நெற்றியில் இன்னும் இருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு, "இரும் பிள்ளை" என்றேன்.

"நான் இருக்க வரேல்லை மாமா. உங்கடை மகன் ஃபோன் எடுத்து என்னை வேற ஆரையும் பாக்கச் சொல்லுறார். ஐந்நூறு வராதாம். என்ரை வயசு போகுதாம். உங்களுக்கு இப்ப சந்தோசமோ?"

நீ அப்படிச் சொன்னாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். "நான் உம்மடை நன்மைக்குத்தான் மறிச்சனான்" என்றேன். "ஒருக்காப் பட்டது போதாதோ? இன்னொருக்காவும் விதவையாகப் போறீரோ?"

"மாமா, நீங்கள் மாமியைக் கட்டேக்கை கட்டுக்கரை நிரம்பி வழிஞ்சதோ?"

கேட்ட கேள்விக்குச் சரியான மறுமொழி சொல்வது என் குணம். 1974 ஓகஸ்ட் மாதம்; குளம் வற்றி, அந்த முறை சிறுபோகமே செய்யவில்லை. அப்படியே சொன்னேன்.

"பாத்தீங்களோ! வத்தின குளத்தோட நீங்கள் கட்டலாம், நாங்கள் கட்டக்கூடாது" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் கண் நிறைந்துவிட்டது. பிறகு மெதுவாகப் பேசினாள். "அவர் கனகாலம் இருப்பாரோ எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனா அவர் செத்தா நான் அழத்தான் போறன், கட்டினாலும் அழுவன், கட்டாட்டிலும் அழுவன். கட்டாட்டி நான் எங்கை நிண்டு அழுகிறது, மாமா? பெட்டிக்குப் பக்கத்தில நிக்க விடுவினமோ? வாசலில நிண்டா, ஆர் இவள் எண்டு கேப்பினம். முதல் மனுசனுக்குப் பெட்டியே இல்லை. இவருக்குப் பெட்டி இருந்தும் நான் வெளியில நிக்கவோ?"

மகன், நான் சுவாமியிடம் எடுத்துச் சொன்ன காரணங்கள் இரண்டும் அவளுக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அவளோ இரண்டாவதை என் மேசையில் திரும்பப் போட்டுவிட்டாள். "கிளினிக் எந்த நாள்?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை. நான் லீவு போடுறன். வெளிக்கிட்டு நில்லுங்கோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போனோம். டொக்டர், நீ சொல்லியிருந்த அதே பெண்தான். என் பேத்தியாக இருக்கும் வயது. "உங்கடை மகன்ரை பைலை அவர் சொல்லாமல் நான் திறக்கேலாது ஐயா. பொதுவாக் கேளுங்கோ, சொல்லுறன்" என்றார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. நீ எனக்குச் சொன்ன இலக்கங்களை வைத்துக்கொண்டு, ஒருவருக்கு இப்படி இருந்தால் என்ன பொருள் என்று கேட்டேன். கலியாணத்துக்கு நான் வைத்த ஐந்நூறையும் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இதில ரெண்டு கணக்கு இருக்கு. ரத்தத்தில வைரசு எவ்வளவு எண்டுறது ஒண்டு. மற்றாளுக்குத் தொத்துமோ எண்டதை அதுதான் சொல்லும். கலம் எவ்வளவு எண்டுறது மற்றது. அது அவரின்ரை உடம்பு எவ்வளவு தாங்கும் எண்டதை மட்டும் சொல்லும். நீங்கள் ஒண்டைப் பாத்துக்கொண்டு மற்றதுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறியள்."

வைரசு இவ்வளவு காலம் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருந்து, குளிசையும் தவறாமல் போனால், மனைவிக்குத் தொற்றும் என்று பயப்படத் தேவையில்லை என்றுதான் இப்போது சொல்கிறார்கள் என்றார். கலியாணத்துக்கு முன் இருவரும் சேர்ந்து வந்தால், இன்னும் என்ன கவனம் எடுக்கலாம் என்று சொல்லித் தருவதாகவும் சொன்னார். ஆக, டெல்சியாவைக் காப்பாற்றுவதற்கென்று நான் பார்க்க வேண்டியிருந்த இலக்கம் 2012ஆம் ஆண்டு முடிவதற்கு முன்னரே சரியாகிவிட்டது. கலியாண ஓலை வாசிக்கப்பட்டபோது அது சரியாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல். நான் வேறொரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப கலம் ஏன் ஏறேல்லை? குளிசை ஒழுங்கா எடுக்காததாலையோ?" என்று கேட்டேன். டெல்சியா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்காட்டி வைரசு எழும்பியிருக்கும் ஐயா. வைரசும் இல்லாமல் கலமும் ஏறாமல் ஒராள் நிக்கிறார் எண்டால், அவர் குளிசையை ஒழுங்கா எடுக்கிறார் எண்டுதான் நான் முதல்ல நினைப்பன்."

அந்த வசனத்தை உனக்குச் சொல்வதற்காகவே இன்னும் இரண்டு தாள் எழுதலாம். எதை வைத்து நான் உன்னைக் குற்றம் சாட்டினேனோ, அதுவே உன் நேர்மைக்குச் சாட்சி. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தகப்பன்மார் எழுதுவதற்குப் பழக்கப்படாத வசனம் இது. ஆகையால் இன்னொரு தடவை எழுதுகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏன் ஏறவில்லை என்பதை டொக்டர் ஒரு வட்டம் கீறிக் காட்டினார். உனக்கும் அதை அவர் சொல்லியிருக்கலாம். நீ இலக்கத்தை மட்டுமே எனக்குக் கொண்டுவந்தாய், ஏனெனில் நான் அதை மட்டுமே கேட்டேன். அந்த வட்டம் ஒரு நிர்ப்பீடனக் கலம். அதன் மேற்பரப்பெங்கும் சிறு காம்புகள் போல நிற்பவற்றுக்கு வாங்கிகள் என்று பெயர். வெளியிலிருந்து வரும் சேதியைக் கலம் அவற்றின் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு வகை வாங்கியைப் பிடித்துக்கொண்டுதான் வைரசு உள்ளே நுழைகிறது. இன்னொரு வகை, "பெருகு, நிலைத்திரு" என்ற சேதியை வாங்குவது. மூன்றாவது வகை, "நிறுத்து, அடங்கு" என்ற சேதியை வாங்குவது. சண்டை முடிந்த பிறகு கலம் ஓய்வதற்கு அந்த மூன்றாவதும் வேண்டியதுதான். ஆனால் தொற்று ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கிவிட்டால், சண்டை முடிவதேயில்லை. அடங்கச் சொல்லும் வாங்கிகள் கலத்தின் மேல் கூடிக்கொண்டே போகின்றன, பெருகச் சொல்லும் வாங்கிகள் குறைந்துபோகின்றன. கலம் இருக்கும், ஆனால் களைத்துப்போய் இருக்கும், கூப்பிட்டாலும் எழும்பாது. குளிசைகள் வைரசு பெருகுவதை நிறுத்துகின்றன. இந்த வாங்கிகளுக்கு அவை கட்டளையிடுவதில்லை. சிகிச்சை பிந்தித் தொடங்கியவர்களில், கலங்கள் மிகவும் குறைந்த பிறகு மருந்துக்கு வந்தவர்களில், இப்படி நிற்பது கூடுதலாம்.

"குளத்தில தண்ணி இருக்கு, வாய்க்காலில பலகை இறுகிப்போச்சு. அப்பிடியோ?" என்று கேட்டேன்.

"அப்பிடி வைச்சாலும் பெரிய பிழையில்லை. ஆனா முழுக்கச் சரியுமில்லை ஐயா. குளத்திலையும் தண்ணி குறைவுதான்" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. அடக்கும் வாங்கிகளை மறைத்துவிடும் மருந்து இல்லையா என்றும் கேட்டேன். புற்றுநோய்க்கு அப்படியான மருந்துகள் இருக்கின்றனவாம்; இந்த நோய்க்கு ஆராய்ச்சி அளவில்தான் பேச்சாம். அடக்கத்தை எடுத்துவிட்டால் கலங்கள் சொந்த உடம்பின் மீதே பாயவும் கூடுமாம். உன் காலத்தில் அது வருமா என்று நான் கேட்கவில்லை.

டெல்சியா கேட்டாள்: "ஏறவே ஏறாதோ டொக்டர்?"

"சிலருக்கு மெதுவா ஏறும். சிலருக்கு ஏறாது. ஆர் எந்தப் பக்கமெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது தங்கச்சி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, எனக்குத் தெளிவாக விளங்கிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எனக்கு ஒண்டுதான் விளங்கிச்சு. ரெண்டு வருசம் போயிட்டுது" என்றாள்.

யூட், நான் ஐந்நூறு என்று சொன்னது உண்மையில் எதற்காக என்று இந்த ஒன்பது நாளும் யோசித்தேன். டெல்சியாவுக்காக என்பது பொய். எனக்கு ஓர் உறுதி வேண்டியிருந்தது. என் கையால் உன்னைக் குழியில் வைக்க நேராது என்று யாராவது எழுதித் தர வேண்டியிருந்தது. அப்படி எழுதித் தர ஆள் இல்லாததால், ஓர் இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த இலக்கம் வந்தால் நீ சாகமாட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கலியாணத்தை ஈடாக வைத்து என் பயத்துக்கு விலை கேட்டேன். இப்போதும் அந்தப் பயம் போகவில்லை. உன் எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை காய்ச்சலும் இருமலும் மற்றவர்களுக்குப் போல உனக்கு இலேசாக வந்து போகாது. இதை மறைத்து உனக்கு நல்வாழ்த்து எழுத எனக்குத் தெரியாது.

உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகாமில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை கூடியதால், குடங்களுக்கு இலக்கம் கொடுத்து வரிசையை நடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். 2006இல் ஒரு நாள் அவள் முகம் வெளிறி வரிசையில் நின்றாள். இவரின் மனைவிக்கு முதலில் விடுங்கோ என்று மற்றப் பெண்களே சொன்னார்கள். அவள் இலக்கம் வரவில்லை என்று நான் விடவில்லை. அவள் சிரித்தாள். "இந்த மனுசன் மோட்சத்துக்குப் போனாலும் வாசலில நிண்டு இலக்கம் குடுத்துத்தான் ஆக்களை உள்ளுக்கு விடும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காய்ச்சல் தொடங்கிப் பல நாளாகிவிட்டது என்பதை அவள் எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் உன் ஒரு நாள் கூலி போய்விடும் என்று மறைத்திருக்கிறாள். நாங்கள் அறிந்தபோது சிறுநீரகம் பழுதாகிவிட்டது, அதிலேயே அவள் போய்விட்டாள். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ தெரியாது. நான் குடத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. நீ என்னுடைய இந்தக் குணத்தையும் எடுத்துக்கொள்ளாதே, அம்மாவுடைய அந்தக் குணத்தையும் எடுத்துக்கொள்ளாதே. காய்ச்சல் தொடங்கினால், அன்றைக்கே டெல்சியாவுக்குச் சொல். மூச்சு வாங்கினால் சொல். பயமாக இருந்தால் அதையும் சொல். அவள் பயந்துவிடுவாள் என்று மறைப்பது அன்பு அல்ல. அவளை வாசலுக்கு வெளியே நிறுத்துவதுதான்.

நான் சொல்லக்கூடிய புத்தி வேறு அதிகமில்லை. கலங்கள் குறைவாக இருக்கும்வரை வேறு தொற்றுகள் வராதிருக்க எடுக்கச் சொன்ன அந்த மற்றக் குளிசையையும் நிறுத்தாதே. பெயின்ற் வேலையில் ஈரச் சுவரோரம் பாய் போட்டுப் படுக்காதே. வெள்ளை அடித்த சுவரைச் சுரண்டும்போது மூக்குக்குத் துணி கட்டு. கலங்கள் ஏறவில்லையே, இந்தக் குளிசையால் என்ன பயன் என்று ஒரு நாளும் நினைத்துவிடாதே. குளிசை தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது, அதை நிறுத்தினால் அந்த நல்ல இலக்கமும் போய்விடும். இனி இரத்தம் எடுத்தால் முடிவை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெல்சியா கேட்டால் அவளுக்குச் சொல்.

இன்று சுவாமியிடம் தடையை விலக்கிய கடிதத்தைக் கொடுத்தபோது அவர் வாசித்துவிட்டு, "பழைய ஓலை இனிச் செல்லாது ஐயா. மூண்டு ஞாயிறும் முதல்ல இருந்து வாசிக்க வேணும். திருவருகைக் காலம் துவங்கினால் இங்கை கலியாணம் வைக்கிறேல்லை. பொடியன் வந்து கையெழுத்து வைக்கட்டும்" என்றார். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27. அதற்கு முன் மூன்று ஞாயிறும் கலியாணமும் அடங்க வேண்டுமானால், இந்த மாத முடிவுக்குள் நீ வர வேண்டும். அதற்குப் பிந்தினால் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகுதான். கெடு வைப்பதை நான் நிறுத்திக்கொண்டேன். இது கோயிலின் கணக்கு, என்னுடையது அல்ல.

கோயில் வாசலில் டெல்சியாவிடம், மகனுக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்கோ. வந்தா வரட்டும், நான் ஓடி ஒளிக்கேல்லை" என்றாள். பிறகு சைக்கிளைத் திருப்பியபடி, "இந்த முறை ஓலை வாசிக்கேக்கை நான் உங்களுக்குப் பக்கத்திலதான் இருப்பன் மாமா. நீங்கள் எழும்பினா நானும் எழும்புவன்" என்றாள். நான் எழும்பமாட்டேன் என்று சொன்னேன். அவள் நம்பினாளோ இல்லையோ தெரியவில்லை.

நீ வருவாய் என்று நான் எழுதவில்லை. வரும்படி கேட்கிறேன். இரண்டு ஆண்டுகளைத் திருப்பித் தர என்னால் முடியாது. உனக்கு இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியாது. எத்தனையானாலும் அவை அவளோடு இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா

இத்துடன் வைத்திருப்பவை:

(அ) தடையை விலக்கிச் சுவாமிக்குக் கொடுத்த என் கடிதத்தின் பிரதி, ஒரு தாள்.

(ஆ) உன் ஞானஸ்நான அத்தாட்சி. மூலப்பிரதி, மடிக்க வேண்டாம்.

(இ) நீ அலுமாரியில் விட்டுப்போன கிளினிக் அட்டை. வேறு எவர் கண்ணிலும் படாதபடி உள்ளுறையில் வைத்து ஒட்டியிருக்கிறேன். கொழும்பிலிருந்து நேரே போக வேண்டி வந்தாலும் உதவும்.

(ஈ) கலியாண ஓலை வாசிப்பதற்கான விண்ணப்பம். உன் பெயர், டெல்சியாவின் பெயர், பெற்றோர் விபரம், முகவரிகள் யாவற்றையும் நிரப்பி, தகப்பனுக்குரிய இடத்தில் கையொப்பம் இட்டிருக்கிறேன். திகதிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.